வாரியத்துக்குப் பின்னால் இரண்டு கிணறுகள்

சாயக்காரர் வீட்டுக்குப் பக்கத்து வீட்டில் குழந்தை இறந்துபோனதிலிருந்து அந்த வீட்டுக் கிணற்று ராட்டினம் ஓயவில்லை. விடிந்ததும் ஆரம்பிக்கும். கிரீச் என்று ஒரு இழுப்பு, கொஞ்சம் மௌனம், தண்ணீர் கொட்டும் சத்தம், மறுபடி கிரீச். அந்த வீட்டுக்காரம்மா ஒவ்வொரு வாளியாக இறைத்துப் பின்கட்டுச் சாக்கடையில் ஊற்றிக்கொண்டிருப்பாள். அவள் புருஷன் வேறு ஊரில் வேலை என்று கிளம்பிப் போனவன், சத்தம் கேட்காத ஊராகப் பார்த்துத்தான் போயிருப்பான் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள்.

அவளுக்குப் பைத்தியம் என்றும் சிலர் சொன்னார்கள். அது உண்மையில்லை. சொன்னதைச் செய்துகொண்டிருந்தாள், அவ்வளவுதான். குழந்தை போன வாரத்தில் 'வீட்டுக் கிணறுகள் நம்பிக்கை வாரியம்' என்ற அரசாங்க அலுவலகத்துக்குப் போய், தண்ணீரைச் சோதித்துப் பாருங்கள் என்று அழுதிருக்கிறாள். அங்கே ஒரு அதிகாரி அவளை உட்காரவைத்து அன்பாகச் சொன்னார்:

"எங்க ஆளுங்க வர்ற வரைக்கும் இறைச்சுக் கொட்டிட்டே இருங்கம்மா. பழைய தண்ணி போயி புதுத் தண்ணி ஊறும். அப்பத்தான் சோதனை சரியா இருக்கும்."

ஆட்கள் வரவில்லை. அவள் இறைத்துக்கொண்டிருந்தாள்.

ஒட்டினாற்போல் இருந்த வீட்டில் சாயக்காரர் குடியிருந்தார். கடைவீதியில் சின்னதாக ஒரு சாயக்கடை. வெளுத்துப்போன சட்டை, சேலை, பள்ளிக்கூடச் சீருடை எல்லாவற்றுக்கும் திரும்ப நிறம் ஏற்றித் தருவார். விரல் நுனிகளில் எப்போதும் ஏதாவது ஒரு நிறம் ஒட்டியிருக்கும். பிறத்தியார் விவகாரத்தில் தலையிடாத மனுஷர். ராட்டினச் சத்தம் கேட்கும்போதெல்லாம் ரேடியோவைக் கொஞ்சம் சத்தமாக வைப்பார். மனைவி சமையலறை ஜன்னலைச் சாத்துவாள்.

மகள் பிரசவமாகிக் கைக்குழந்தையோடு வந்து இறங்கியபோது, சாயக்காரரின் மனைவி இரண்டு காரியம் செய்தாள். குழந்தையின் படுக்கையை முன்னறைக்கு மாற்றினாள். இரு வீட்டுக்கும் நடுவிலிருந்த குட்டைச் சுவரின் மேல் கொடி கட்டி, நீளத்துக்குத் துணி காயப்போட்டாள். காய்ந்தாலும் எடுக்கவில்லை. ஏன் என்று யாரும் கேட்கவில்லை. அந்தப் பக்கத்திலிருந்தவளுக்கும் புரிந்திருக்க வேண்டும். அவள் அதன் பிறகு சுவர்ப் பக்கம் திரும்பியே பார்க்கவில்லை.

ஒரு நாள் காலை, பால் குடித்துவிட்டுத் தூங்கிய குழந்தையின் உதடு நீலம் பாரித்திருந்தது.

மகளுக்குப் பால் போதாமல் பால் பவுடர் கரைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா குழந்தையைப் பார்த்த மாத்திரத்தில் கேட்ட முதல் கேள்வியே, "எந்தத் தண்ணியில கரைக்கிறீங்க?" என்பதுதான்.

"கிணத்துத் தண்ணிதான். ஆனா நல்லா கொதிக்க வெச்சு..." என்றாள் மகள்.

"கொதிச்சா கிருமி சாகும். இது கிருமி இல்ல, தண்ணியில கரைஞ்சிருக்கிற நைட்ரேட். உப்பு மாதிரி. கொதிக்கக் கொதிக்கத் தண்ணி சுண்டும், அது சுண்டாது. கிட்டத்துல செப்டிக் டேங்க் இருக்கா? உரம் போடற தோட்டம்?"

சாயக்காரர் குழந்தையின் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இரத்தத்துல சோதிச்சுப் பார்த்துடறேன். பொழைச்சுக்குவா, பயப்படாதீங்க. ஆனா தண்ணியைக் கண்டிப்பா சோதிச்சுப் பாருங்க. அதுவரைக்கும் ஒரு சொட்டு அந்தக் கிணத்துலேருந்து குழந்தை வாய்க்குப் போகக் கூடாது." ஊசியை எடுத்தவள் நிமிர்ந்து, "எந்தத் தெரு நீங்க?" என்றாள்.

சொன்னார்.

டாக்டரம்மா ஊசியைக் கீழே வைத்தாள். பிறகு, "உங்க தெருவுலேருந்து முன்னாடி ஒரு குழந்தையை ரொம்ப லேட்டா தூக்கிட்டு வந்தாங்க" என்று மட்டும் சொன்னாள்.

குழந்தை தேறியது. சாயக்காரர் ஒரு பாட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டு வாரியத்துக்குப் போனார்.

தூரமில்லை. அவர்கள் வீட்டுக்குப் பின்னால் மேட்டின் மேலிருந்த பெரிய கட்டடம்தான் வாரியம். பின்பக்கம் முதுகோடு முதுகு. ஆனால் முன்வாசலுக்குப் போகத் தெருவைச் சுற்றிக்கொண்டு நடக்க வேண்டும். வாசலில் பெரிய எழுத்தில் 'நம்பினால் தெளியும்' என்று எழுதியிருந்தது. உள்ளே ஒவ்வொரு மேஜையிலும் மூடி உடைக்காத தண்ணீர் பாட்டில் இருந்தது. நடந்து வந்த களைப்பில், "குடிக்கக் கொஞ்சம் தண்ணி கிடைக்குமா?" என்று கேட்டார். வாசலில் இருந்த ஊழியர் பரிதாபமாகப் பார்த்தார்.

"இங்க யாரும் குழாய்த் தண்ணி குடிக்கிறதில்லீங்க. வீட்லேருந்து கொண்டாந்திருக்கலாம் நீங்க."

விசாரணை மேஜையில் இருந்த அம்மாள் காதிலிருந்த பஞ்சை எடுத்துவிட்டுக் கேட்டாள்: "உங்களுக்குத் தண்ணி மேல நம்பிக்கை இல்லையா, வாரியத்து மேல நம்பிக்கை இல்லையா? ரெண்டுக்கும் வேற வேற கவுண்டர்."

"தண்ணி மேலதாங்க."

"அப்படீன்னா பரவாயில்ல. மாடிக்குப் போங்க."

மாடியில் எல்லோர் காதிலும் பஞ்சு இருந்தது. அலுவலகம் முழுக்க ஜலதோஷம் போலிருக்கிறது என்று சாயக்காரர் நினைத்துக்கொண்டார். தலைமை அலுவலர் அறைக்குள் நுழைந்த பிறகுதான் விஷயம் புரிந்தது. ஜன்னல் வழியாகக் கிரீச் என்று அந்தச் சத்தம் வந்தது. எட்டிப் பார்த்தால் கீழே இரண்டு பின்கட்டும் உள்ளங்கை போலத் தெரிந்தன. ஒன்றில் கொடியில் துணி. இன்னொன்றில் குனிந்து நிமிரும் ஒரு முதுகு.

தலைமை அலுவலர் எழுந்து திரையை இழுத்துவிட்டார். "வெயில்" என்றார். வெளியே மேகமூட்டமாக இருந்தது.

பாட்டிலை வாங்கி விளக்குக்கு நேராகப் பிடித்தார். "கண்ணாடி மாதிரி இருக்கே! இதுக்கு என்ன குறைச்சல்?"

"நைட்ரேட் இருக்கும்னு டாக்டரம்மா சொன்னாங்க சார். அது கண்ணுக்குத் தெரியாதாம்."

"கண்ணுக்குத் தெரியாததை எல்லாம் நம்பறீங்க, கண்ணெதிர்ல இருக்கிற வாரியத்தை நம்ப மாட்டேங்கறீங்க. டாக்டர் உடம்பைப் பார்க்கட்டும். தண்ணியப் பார்க்க நாங்க இருக்கோம்."

"அதான் சார், சோதிச்சுக் குடுத்தீங்கன்னா..."

தலைமை அலுவலர் நாற்காலியில் சாய்ந்தார். இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவர்போல் அவர் குரல் கனிந்தது.

"சோதனைக்கூடம் இருக்கு. நல்ல கருவி இருக்கு. ஆனா சோதிச்சா முடிவுன்னு ஒண்ணு வரும். வந்தா அதை நாலு பேர் கேப்பாங்க. முன்னாடி ஒரு தடவை அப்படித்தான், தெரியாத்தனமா சோதிச்சுட்டோம். ஒரு பேட்டையே கிணத்தை மூடிடுச்சு. நம்பிக்கை அப்படியே போச்சு. அதை மீட்டுக் கொண்டுவர நாங்க பட்ட பாடு எங்களுக்குத்தான் தெரியும். நம்ம பெயர் என்ன? சோதனை வாரியமா? நம்பிக்கை வாரியம்."

"பக்கத்து வீட்ல ஒரு குழந்தை செத்துப்போச்சு சார்."

"தெரியும். ரொம்ப வருத்தமான விஷயம். ஆனா அந்தக் கிணறே எங்ககிட்ட பதிவாகல. பதிவாகாத கிணத்துத் தண்ணியால, முறைப்படி பதிவான ஒரு மரணம் எப்படி நடக்கும்? ரெண்டும் ஒட்டலையே." திரைக்கு அந்தப் பக்கம் ராட்டினம் கிரீச்சிட்டது. அவர் குரலை ஒரு படி உயர்த்தினார். "அந்தம்மாவை எடுத்துக்கோங்க. இறைங்கன்னு சொன்னோம். இன்னிக்கு வரைக்கும் இறைக்கிறாங்க. ஒரு கேள்வி கேக்கல. எங்க வாரியத்தோட ஆகப் பெரிய வெற்றி அவங்கதான்."

கடைசியில் சோதனைக்குப் பதிலாக ஓர் ஆய்வுக்கு ஒத்துக்கொண்டார்கள்.

அதிகாரிகள் வந்தார்கள். டேப் பிடிக்க ஒருவர், டேப் பிடிப்பவருக்குக் குடை பிடிக்க ஒருவர், எல்லோரையும் மேற்பார்வை பார்க்கத் தலைமை அலுவலர். குடிதண்ணீர்க் கிணறு செப்டிக் டேங்கிலிருந்து இவ்வளவு தூரம் தள்ளி இருக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. கிட்டத்தில் இருந்த ஒரே டேங்க் வாரியத்தினுடையதுதான். பின்சுவருக்கு அந்தப் புறம், மேட்டில், பாசி பிடித்து ஈரம் கசிய உட்கார்ந்திருந்தது. டேப் பாதியிலேயே சுவரை எட்டிவிட்டது.

"குறையுதே" என்றார் அளப்பவர்.

தலைமை அலுவலர் யோசித்தார். "கிணத்தைக் கொஞ்சம் அந்தப் பக்கமா தள்ளி வைக்க முடியுமா?"

"கிணத்தை எப்படி சார் தள்ளறது?"

"அது உங்க தரப்புப் பிரச்சினை. ஆனா உங்களுக்கு உதவத்தானே வந்திருக்கோம்." அளப்பவரைப் பார்த்துத் திரும்பினார். "சுவர் மேல ஏறி அளக்கறது என்ன பழக்கம்? நாம வர்ற வழியா அளங்க."

டேப் கிணற்றடியிலிருந்து வீட்டுக்குள் புகுந்து, முன்னறையில் தூங்கிக்கொண்டிருந்த குழந்தையைச் சுற்றிக்கொண்டு, வாசல் தாண்டி, தெருமுனை மருந்துக்கடையில் வளைந்து, மேடேறி, வாரியத்து முன்வாசல் வழியாக நுழைந்து கழிவறைக் கதவில் போய் நின்றது. தெருவில் போனவர்கள் மரியாதையாக அதைத் தாண்டிக் கால் வைத்தார்கள். விதி கேட்டதற்குப் பல மடங்கு தேறியது.

"பூமிக்கு அடியில நேரா வருமே சார்?" என்றார் சாயக்காரர்.

"பூமிக்கு அடியில எங்களுக்கு அதிகாரம் இல்லீங்க. மேல இருக்கிறதை வெச்சுத்தான் நாங்க பேச முடியும்."

அப்போதுதான் சந்தடி கேட்டுப் பக்கத்து வீட்டம்மா வெளியே வந்தாள். கைகளை அவசரமாகச் சேலையில் துடைத்துக்கொண்டாள். முகத்தில் அப்படியொரு வெளிச்சம்.

"வந்துட்டீங்களா?" என்றாள். "நிறுத்தாம இறைச்சிருக்கேன் சார். ஒரு நாள் விடல. இப்ப புதுத் தண்ணிதான் இருக்கும். ஒரு வாளி எடுத்தாரட்டுமா?"

அளப்பவர் டேப்பைச் சுருட்டுவதில் மும்முரமானார். குடைக்காரர் வானத்தைப் பார்த்தார்.

"இது வேற ஆய்வும்மா" என்றார் தலைமை அலுவலர். "உங்களோடது வரிசையில இருக்கு. நீங்க இறைங்க."

அவள் தலையாட்டினாள். உள்ளே போனாள். அவர்கள் தெருமுனை திரும்பும் முன்பே ராட்டினம் ஆரம்பித்துவிட்டது. சாயக்காரர் அன்று ரேடியோவைப் போடவில்லை.

அடுத்த வாரமே அவர் வீட்டு வாசலில் பலகை அடித்தார்கள். 'நம்பிக்கைக் கிணறு. பொதுமக்கள் அச்சமின்றிப் பருகலாம்.' சின்னதாக ஒரு விழா. தலைமை அலுவலர் ஒரு டம்ளர் தண்ணீரை எல்லோருக்கும் தெரியும்படி தூக்கிப் பிடித்துப் பேசினார்: "பயம்தான் மிகப் பெரிய அசுத்தம்! அதை இந்தத் தெருவிலிருந்து இன்று அகற்றிவிட்டோம்!" டம்ளரை உதட்டில் வைத்து எடுத்தார். கைதட்டல். ஜீப்பின் மறைவில் அவர் பாட்டில் தண்ணீரால் வாய் கொப்புளித்துக் கைக்குட்டையால் உதட்டைத் தேய்த்துத் தேய்த்துத் துடைத்ததைச் சாயக்காரர் மட்டும் பார்த்தார்.

அதற்குப் பிறகு ஜனங்கள் வர ஆரம்பித்தார்கள். குடம், கேன், பிளாஸ்டிக் வாளி எல்லாம் வரிசை கட்டின. சாயக்காரர் கடையைச் சாத்திவிட்டுக் கிணற்றடியில் உட்கார்ந்தார். வருகிறவர்களிடமெல்லாம் குடிக்காதீர்கள் என்று கெஞ்சினார். இடுப்பில் கைக்குழந்தையோடு வந்த ஒருத்தி முறைத்தாள்.

"பலகையில நல்ல தண்ணின்னு போட்டிருக்கே. வேணாம்னு சொல்ல நீங்க யாரு?"

"இந்தக் கிணத்துக்குச் சொந்தக்காரன்மா. எங்க பேத்தி இதைக் குடிச்சுத்தான் சாகக் கிடந்தா."

"சொந்தக்காரர் அப்படித்தான் சொல்வார்" என்று பின்னாலிருந்து ஒருவர் சிரித்தார். "எல்லாத்தையும் தானே குடிக்கணும்னு இருக்கும்." அவள் குடத்தை நிரப்பிக்கொண்டு போனாள். அந்தக் குழந்தையின் கால் இடுப்பில் ஆடிக்கொண்டே போனது.

வாசலைப் பூட்டிப் பார்த்தார். வாரியத்து ஊழியர் வந்து, "நம்பிக்கைக்குப் பூட்டுப் போடக் கூடாது" என்று பூட்டைக் கழற்றிக்கொண்டு போனார்.

மறுநாள் சாயக்காரர் கடையைத் திறந்து, அலமாரி முன் வெகுநேரம் நின்றார். சிவப்பை எடுத்தால் ஜனங்கள் இரத்தமென்று அலறுவார்கள். நீலத்தைத் தொடக் கை வரவில்லை. பெண் குழந்தைகளின் பாவாடைக்குப் போடுகிற ரோஸ் நிறத்தில் பெரிய பொட்டலமாகக் கட்டி மடியில் செருகிக்கொண்டு வாரியத்துக்குப் போனார். கழிவறைக்குப் போக வேண்டும் என்றார். அந்தக் கட்டடத்தில் அவர் கேட்டு, எந்தக் கேள்வியும் இல்லாமல் கிடைத்தது அது ஒன்றுதான். உள்ளே போய்ப் பொட்டலம் முழுவதையும் கொட்டி, நிறம் போய்த் தண்ணீர் தெளிகிறவரை ஊற்றிவிட்டு வந்தார்.

இடையில் நல்ல மழை பெய்தது. கிணற்றில் ஒன்றும் தெரியவில்லை. மேலே ஈரச் சுவரில் பாசி மட்டும் தழைத்தது. சாயக்காரர் தினமும் ஒரு வெள்ளைக் கிண்ணத்தில் தண்ணீர் எடுத்து வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டே இருந்தார்.

ஒரு மத்தியானம் ராட்டினம் நின்றது.

சத்தம் வந்ததைவிட அது நின்றதுதான் பயமாக இருந்தது. மனைவி சமையலறையிலிருந்து வெளியே வந்தாள். மகள் குழந்தையை அள்ளிக்கொண்டாள். மேலே வாரியத்து ஜன்னலில் ஒரு திரை விலகியது.

"என்னங்க, போய்ப் பாருங்க" என்றாள் மனைவி. அவர் எழுந்திருப்பதற்குள் அவளே ஓடிப்போய்க் கொடியிலிருந்த துணியை இரண்டு கையாலும் இழுத்துப் போட்டாள்.

சுவருக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டம்மா வாளியைப் பிடித்தபடி அசையாமல் நின்றிருந்தாள். வாளி நிறைய இளரோஸ் நிறத் தண்ணீர்.

"புதுத் தண்ணி வந்துடுச்சாண்ணா?" என்றாள்.

சாயக்காரர் தான் செய்ததைச் சொன்னார். எங்கே கொட்டினார், ஏன் கொட்டினார், எல்லாம். அவள் மெதுவாகத் தலையைத் தூக்கி அந்தக் கட்டடத்தைப் பார்த்தாள். பிறகு வாளியை. மறுபடி கட்டடத்தை.

"அங்கேருந்தா?"

"ஆமாம்மா."

சாயங்காலத்துக்குள் சாயக்காரர் கிணற்றிலும் நிறம் வந்துவிட்டது. வரிசையில் நின்றவர்கள் குடங்களைக் கவிழ்த்துவிட்டு ஓடினார்கள். வாரியம் மொத்தமாக இறங்கி வந்தது.

"சாயக்காரர் வீட்டுக் கிணத்துல சாயம். இதுல என்ன அதிசயம்?" என்று ஆரம்பித்தார் தலைமை அலுவலர். "தவிர, இந்த நிறம் தடை செஞ்ச நிறங்கள்ல இல்ல."

"சாயம் என்னோடதுதான் சார். ஆனா நான் கிணத்துல போடல. உங்க கழிவறையில போட்டேன்."

கூட்டத்தில் யாரோ உமிழ்ந்தார். அப்புறம் எல்லோரும் உமிழ்ந்தார்கள். தலைமை அலுவலர் சட்ட ஆலோசகரைத் தனியே அழைத்துப்போய்க் குசுகுசுத்தார். திரும்பி வந்தபோது முகம் தெளிந்திருந்தது.

"வாரியக் கழிவறையில போட்ட பொருள் இங்க வெளியே வருதுன்னா, இந்தக் கிணறு வாரியக் கழிவறையோட ஒரு பகுதின்னு ஆகுது. அரசாங்கச் சொத்து. இத்தனை நாள் நீங்க அனுமதி இல்லாம இதுல தண்ணி எடுத்திருக்கீங்க. போனது போகட்டும், பெருந்தன்மையா விட்டுடறோம். ஆனா இனிமே ஒரு சொட்டு யாரும் எடுக்கக் கூடாது."

இரண்டு கிணற்றையும் கான்கிரீட் பலகை போட்டு மூடினார்கள். 'கழிவுநீர். பருகாதீர்' என்று எழுதிவைத்தார்கள். அந்த வாரியம் தொடங்கியதிலிருந்து எழுதிய முதல் உண்மை அதுதான். அதைத் தங்கள் சாதனையாகவும் அறிவித்துக்கொண்டார்கள். டேங்கை மட்டும் தொடவில்லை. தெருவுக்கு லாரியில் தண்ணீர் வரத் தொடங்கியது. குடத்தோடு வந்த அந்தப் பெண் எந்தப் பேட்டை என்று சாயக்காரர் பல நாள் தேடி அலைந்து கண்டுபிடித்தார். குழந்தை நன்றாக இருந்தது. அவர் அந்த வீட்டு வாசலிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டார்.

ஒரு காலையில் பக்கத்து வீட்டம்மா சாயக்காரர் வீட்டுக்கு முன்வாசல் வழியாக வந்தாள். இத்தனை வருஷத்தில் அவள் அந்தப் படி ஏறியதில்லை. வேலையில்லாத கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் முன்னால் நீட்டினாற்போல் வைத்திருந்தாள். உள்ளங்கை முழுக்கக் கயிறு அறுத்த தழும்பு.

"ஒண்ணு கேக்கணும்ணா. சாயம் முதல்ல என் வாளியிலதானே வந்துச்சு. உங்க கிணத்துக்கு அப்புறம்தானே வந்துச்சு?"

"ஆமாம்மா."

"நான் இறைக்க இறைக்கத்தான் அந்த அழுக்கு அங்கேருந்து இறங்கி வந்துச்சா? உங்க பாப்பாவுக்கு அப்படி ஆனது..."

சாயக்காரர் அதைப் பற்றி யோசிக்காமல் இல்லை. அவள் கண்ணைப் பார்த்தார்.

"இல்லம்மா" என்றார். "அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல."

அவள் அதை நம்பவில்லை என்பது அவருக்குத் தெரிந்தது. சொன்னதற்கு நன்றியோடு தலையாட்டினாள் என்பதும் தெரிந்தது. கிளம்பியவளிடம் சாயக்காரரின் மனைவி, "இரும்மா" என்றாள். முன்னறைக்குள் போய்க் குழந்தையை எடுத்து வந்து, ஒன்றும் சொல்லாமல் அவள் கையில் கொடுத்தாள்.

அவள் கொஞ்சவில்லை. ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் முதலில் உதட்டைப் பார்த்தாள். பிறகு மூடியிருந்த பிஞ்சுக் கையை விரித்து, நகம் நகமாகப் பார்த்தாள். பாதங்களைத் திருப்பிப் பார்த்தாள். ரொம்ப நேரம் ஆயிற்று. வீட்டில் யாரும் அவசரப்படுத்தவில்லை.

"நல்லா செவப்பா இருக்கு" என்றாள் கடைசியில். குழந்தையைத் திருப்பிக் கொடுத்தாள். "எங்க வீட்டுக்கும் இப்படி யாராவது ஒருத்தர் வந்து ஒரு தடவை பார்த்திருக்கலாம்."